பெட்டிக்குள் இல்லாத தாள்

அத்தியாயம் 11

சின்னவள் கையுறையைக் கழற்றிய இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். "உள்ளே என்ன என்று சொல்லாமல் ஏழு நாள் தவிக்க விட்டுவிட்டீர்களே, இது நியாயமா?" என்று நாலைந்து பேர் கோபித்து எழுதியிருக்கிறார்கள். நியாயமில்லைதான். இதோ சொல்லிவிடுகிறேன். அதற்கு முன், இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை.

கீழே ஸ்டுடியோ, மேலே வீடு. அண்ணன் படக்காரர். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் அவர்கள் விற்கிற பொருள்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறவர். தம்பி விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன், எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திருத்துகிறவனும் அவனே. எல்லாரும் அவனை 'லைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பொருள் என்று இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமே. பதினாலு வருஷமாக அந்தக் கை, அண்ணன் மனைவியுடையது. சோப்பு, கத்திரிக்கோல், காபிக் கோப்பை, பூட்டுச் சாவி, எதுவானாலும் பெரியவளின் கைதான் பிடித்துக்கொண்டிருக்கும். அவள் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கை தெரியும்.

ஐந்து மாதம் முன்பு லைட்டுக்குக் கல்யாணம் ஆகிச் சின்னவள் வந்தாள். ஒரு நாள் அவள் காபி கொண்டு வந்து வைத்தபோது, கை க்ரீம் கம்பெனியிலிருந்து வந்திருந்த மேடம் கோப்பையைப் பார்க்கவில்லை. "இந்தக் கை யாரோடது?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்தது வினை.

பொறாமை என்று சொன்னால் பெரியவளுக்குக் கோபம் வரும். அக்கறை என்பாள். வீட்டுக்கு வந்த பெண் ஏமாந்து போகக் கூடாதே என்ற கவலை என்பாள். அந்தக் கவலையில் அவளுக்கு மூன்று வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. சின்னவள் பாத்திரம் எடுத்தால் விரலைப் பார்ப்பாள், துணி மடித்தால் நகத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

சரி, கையுறைக்கு வருவோம்.

கையை நம்பிப் பிழைக்கிறவர்கள் வீட்டிலும் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்வது வழக்கம். அதனால் சின்னவள் பத்து நாளாகக் கையுறையும் கையுமாக இருந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இன்று காலை சமையலறையில், ஆண்கள் இருவரும் கீழே இறங்கிப் போன பிறகு, வலது கையுறையைக் கழற்றினாள்.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மிளகளவில் ஒவ்வொரு மரு. அவை இரண்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த நல்ல தோல்தான் போயிருந்தது. வெந்து வெளுத்து, ஓரமெல்லாம் சிவந்து, நடுவிரலில் ஓரிடத்தில் நீர் கசிந்தது.

"அக்கா, இது இப்படித்தான் ஆகுமா?"

பெரியவள் அடுப்பை அணைத்தாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். உங்களிடம் ஒளிப்பானேன், அதுதான் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் க்ரீம் மேடம் கை பார்க்க வருகிறாள். கையைக் கம்ப்யூட்டரில் திருத்தவே கூடாது, உள்ளது உள்ளபடி வர வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் கறாரான நிபந்தனை. இந்த விரலைப் பார்த்தால் மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அடுத்த மூச்சில் பயம் பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு பூசினே?"

"காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. விரல் பூரா."

"விரல் பூரான்னு நான் எப்பச் சொன்னேன்?"

"மரு மேல மட்டும்னும் சொல்லலையே அக்கா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

பத்து நாள் முன்பு சின்னவள் இந்த மருக்களை முதலில் காட்டியது பெரியவளிடம்தான். "மாமாவுக்குத் தெரிஞ்சா வேற கையைத் தேடிடுவாரு. என்ன செய்யறது அக்கா?" என்று படக்காரரை நினைத்துக் கண் கலங்கினாள். மருந்துக்கடைக்குப் போய் மரு கரைக்கிற மருந்தை வாங்கி வந்தது பெரியவள். பெட்டியைத் திறந்து, பாட்டிலைச் சுற்றி மடித்திருந்த தாளை வழியிலேயே நின்று படித்ததும் அவள்தான். எப்படிப் பூச வேண்டும், எங்கே படக் கூடாது, எத்தனை வாரம் ஆகும், எல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்து, எட்டாக மடித்துத் தன் பர்ஸின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டாள். பெட்டியை மட்டும் சின்னவளிடம் கொடுத்தாள். "பூசு. பத்து நாள்ல விழுந்துடும்" என்றாள்.

"இதுக்குள்ள தாள் எதுவும் இருக்காதா அக்கா?"

"இருந்தா கொடுத்திருக்க மாட்டேனா?"

ஏன் அதைக் கிழித்து எறியவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நாளைக்குக் கொடுத்துவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். சின்னவளும் தினம் வந்து நின்று "எரியுது அக்கா" என்பாள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று இவள் சொல்லுவாள். நினைத்துப் பார்த்தால் இவ்வளவுதான் நடந்தது. ஒருவரையும் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஒரு தாளைக் கொடுக்காமல் இருந்தாள்.

"கிளம்பு. தோல் டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள் இப்போது.

"மாமா கேட்டா?"

"பின்னாடி தொங்கவிடற துணி வாங்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

கீழே ஸ்டுடியோவைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். லைட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போன வருஷத்துப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கூப்பிட்டான்.

"இங்க வா, இதைப் பாரு. அண்ணி கை. இவ்வளவு பெரிசாக்கியும் ஒரு புள்ளி இல்ல. அண்ணி கைன்னா எனக்கு வேலையே கிடையாது தெரியுமா?"

"தெரியும். தினமும் சொல்றீங்களே" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் சின்னவளின் குரலை அவள் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருந்தால் நல்லது.

தோல் டாக்டருடைய அறையில் நோயாளிகளுக்கு ஒரு முக்காலி, கூட வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலி, நடுவில் கழுத்து வளைகிற ஒரு விளக்கு. அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, கையில் இன்னொரு கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தார். விரலைப் பார்த்ததும் நாக்கால் 'ச்சு' கொட்டினார்.

"அடடா. இதை யாரு இப்படி வறுத்தெடுத்தது?"

"நான்தான் டாக்டர். மருந்து பூசினேன்."

"கையை ஆட்டாம வைங்க. ஏம்மா, நீங்க அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கோங்க. துடைச்சா எரியும்."

பெரியவள் குனிந்து பிடித்துக்கொண்டாள். பஞ்சு பட்டதும் சின்னவள் உடம்பு தூக்கிப்போட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க" என்றார் டாக்டர், துடைத்துக்கொண்டே. "மரு எதனால வருதுன்னு இங்க வர்றவங்க சொல்ற கதையைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. பல்லி விழுந்துச்சு, தவளையைத் தொட்டேன், நட்சத்திரத்தை எண்ணினேன். ஒண்ணும் கிடையாது. இது ஒரு வைரஸ். தோல்ல சின்னதா ஒரு கீறல் இருந்தாப் போதும், புகுந்துடும். புகுந்த அன்னிக்கே தெரியாது. ரெண்டு மாசம், மூணு மாசம் சத்தமில்லாம இருந்துட்டு, அப்புறம்தான் தலை காட்டும்."

"உள்ளே வேர் ஓடும்னு சொல்றாங்களே டாக்டர்? இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம்..."

"மருவுக்கு வேர் கிடையாது. மேல் தோலோட சரி. அந்தப் புள்ளி குட்டிக் குட்டி ரத்தக் குழாய், உறைஞ்சு போனது. வேரைத் தோண்டறேன்னு பிளேடு எடுத்துடாதீங்க, அது இன்னும் பத்து இடத்துல பரவும்." பஞ்சைத் தூர எறிந்தார். "நீங்க போட்ட மருந்து நல்ல மருந்துதான். போட்ட விதம்தான் தப்பு. விரலை வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் ஊற வைக்கணும். செத்த தோலை மெதுவா ராவி எடுக்கணும். சுத்தி இருக்கிற நல்ல தோல் மேல வாசலின் தடவணும், மருந்து வழிஞ்சா சுடாம இருக்க. அப்புறம் மரு மேல மட்டும் ஒரு சொட்டு. புண்ணாச்சுன்னா உடனே நிறுத்தணும். எல்லாம் பெட்டிக்குள்ள தாள்ல இருக்குமே, படிக்கலையா?"

சின்னவள் பைக்குள்ளிருந்து பெட்டியை இடது கையால் எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் திறந்து தலைகீழாகத் தட்டினார். பாட்டில் மட்டும் விழுந்தது.

"தாள் இல்லாமலா வித்தான்? என்ன கடை இது!"

"ஆமாம் டாக்டர்" என்றாள் பெரியவள். "இப்பல்லாம் கடைக்காரங்களுக்கு அக்கறையே இல்ல."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. தாள் இருந்த பர்ஸ் அவள் தோளில்தான் தொங்கியது. சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி விரலைப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தனை நாள்ல சரியாகும் டாக்டர்? நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தங்க கையைப் பார்க்க வர்றாங்க" என்றாள் சின்னவள்.

"நாளைக்கா! மரு கடிகாரம் பார்க்காது கண்ணு. முதல்ல இந்தப் புண் ஆறணும், ரெண்டு மூணு வாரம். அப்புறம் வாங்க, பயங்கரக் குளிரான திரவம் ஒண்ணு இருக்கு, அதை வெச்சு மருவை உறைய வைப்போம். கொப்புளம் வந்து உதிரும். ஒரே தடவைல போகலேன்னா மறுபடி. மாசக் கணக்குல பொறுமையா இருக்கணும். சிலபேருக்கு ஒண்ணுமே செய்யாமத் தானாவும் போயிடும், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சு. இது நம்ம வீட்டு ஆளு இல்லேன்னு உடம்பு எப்பக் கண்டுபிடிக்குதோ, அப்பத் துரத்திடும்."

விளக்கைத் திருப்பப் போனவர், பாதியில் நிறுத்தினார்.

"இந்தக் கட்டைவிரல் யாரோடது?"

பெரியவளுடையது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கை. பஞ்சின் ஈரம் பட்டு, கட்டைவிரலில் ஒட்டியிருந்த தோல் நிறப் பிளாஸ்திரி பாதி கழன்று தொங்கியது. நகத்தின் ஓரத்தில் காலிஃப்ளவர் மாதிரிச் சொரசொரப்பாக ஒன்று.

"அது ஒண்ணுமில்ல டாக்டர். தோல் காய்ச்சுப் போயிருக்கு."

"காய்ச்சுப் போன தோல்ல கறுப்புப் புள்ளி இருக்காது. கொடுங்க." கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "மருதான். நல்லா வளர்ந்த மரு. எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு... அஞ்சாறு மாசம் இருக்கும்."

"நகம் கடிப்பீங்களா?"

"சேச்சே."

"கடிப்பாங்க டாக்டர்" என்றாள் சின்னவள். "நகத்தோட ஓரத்துத் தோலை. நான் வந்ததுலேருந்து பாக்கறேன்."

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு மாதம் முன்புதான் லைட்டுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். போட்டோவில் அந்தப் பெண் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சுமார் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெரியவள் மட்டும் அந்த விரல்களைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் கட்டைவிரல் தானாக வாய்க்குப் போனது. பதினாலு வருஷம் பொத்திப் பொத்திப் பாதுகாத்த கையை அவளே கடித்தாள்.

"அதான் வழி" என்றார் டாக்டர். "கடிச்சுக் கடிச்சுத் தோல் பிய்ஞ்சிருக்கு. எங்கேயோ தொட்டது உள்ளே போயிடுச்சு. வீட்டுல ஒரே டவலா? நகம் ராவற அரம் ஒண்ணா?"

"அரம்" என்றாள் சின்னவள். "நான் வந்த முதல் வாரம் அக்கா அவங்க அரத்தால எனக்கு ராவி விட்டாங்க. இதை யாருக்கும் தர்றதில்ல, உனக்குத்தான்னு சொன்னாங்க. விரல்ல கூட லேசா உரசிடுச்சு."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு நான் தீர்ப்பு எழுத முடியாது. அந்த அரத்தை இன்னிக்கே குப்பைல போடுங்க. ஏம்மா, உங்க நகத்தோரத்து மரு கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். இதே மருந்தை நீங்க முறையாப் போடுங்க. மூணு மாசம். புது பாட்டில் எழுதித் தர்றேன், தாளோட வாங்குங்க."

பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட். சின்னவள் ஜன்னல் பக்கம், மடியில் இரண்டு விரலுக்கும் வெள்ளைக் கட்டு. பெரியவள் பர்ஸை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருவைக் கொடுத்தது தான், மருந்தைக் கொடுத்ததும் தான், தாளை எடுத்ததும் தான். ஒரு பெண்ணை இதற்குமேல் ஒருத்தி என்னதான் செய்ய முடியும்? இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். கண்டக்டர் வந்தார். மூடிக்கொண்டாள்.

சிக்னலில் பஸ் நின்றது. எதிரே பூட்டுக் கம்பெனியின் பெரிய விளம்பரப் பலகை. ஒரு கை சாவியை நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க கை" என்றாள் சின்னவள்.

"ம். ஆறு வருஷம் ஆச்சு அது எடுத்து."

"அவர் என்னை முதல் தடவை தனியாப் பார்த்துப் பேசினப்ப, போன்ல ஒரு படம் காட்டினாரு. இதான் எங்க அண்ணி கைன்னாரு. எனக்குக் காட்டின முதல் படமே அதுதான்."

"அவனுக்கு விவஸ்தை கிடையாது."

"நான் என் கையைத் துப்பட்டாக்குள்ள வெச்சுக்கிட்டேன்."

பச்சை விழுந்தது. வீட்டு வாசலில் சின்னவள் கட்டின்மேல் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

மூன்று மணி. கீழே படக்காரரும் லைட்டும் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. மேலே சாப்பாட்டு மேஜையில் பெரியவள் கிண்ணத்து வெந்நீரில் கட்டைவிரலை ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரம் குப்பைக்குப் போயாயிற்று. புது மருந்துப் பெட்டி, வாசலின் டப்பா, பஞ்சு. எதிரே சின்னவள்.

"கொடுங்க. நான் போடறேன்."

"உனக்கே கட்டு. நான் போட்டுக்கறேன்."

"வலது கைக்கு உங்க இடது கையால போடுவீங்களா? வழிஞ்சுடும். எனக்கு இடது கை நல்லாத்தான் இருக்கு."

விரலை வாங்கித் துடைத்தாள். மருந்தை எடுக்கப் போன பெரியவளின் கையைத் தள்ளினாள்.

"இருங்க. முதல்ல வாசலின். சுத்தி, நல்ல தோல் மேல. இல்லேன்னா எரியும்."

மெள்ள, மருவைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள். எங்கும் இடைவெளி விடவில்லை. பெரியவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் தாங்கியிருப்பாள். இவ்வளவு பதமாகத் தொட்டால் எப்படித் தாங்குவது? இடது கையால் பர்ஸை இழுத்தாள், ஜிப்பைத் திறந்தாள், எட்டாக மடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது... அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது. கடைக்காரன் மேல தப்பில்ல."

சின்னவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மூணாம் நாள், ஸ்டுடியோ சாவியை எடுத்துக்கோன்னு பர்ஸைக் கொடுத்தீங்க. ஜிப் திறந்திருந்துச்சு. மருந்துப் பேரு வெளியே தெரியற மாதிரி மடிச்சிருந்தீங்க."

"படிச்சியா?"

"பூரா. மாடிப்படில நின்னுக்கிட்டே. திரும்பி அதே மாதிரி மடிச்சு வெச்சேன்."

பெரியவளுக்குக் கணக்கு ஓடியது. மூன்றாம் நாள். இன்றைக்குப் பத்து.

"படிச்சதுக்கு அப்புறமுமா பூசினே? விரல் பூரா?"

"ஏழு நாள்."

"உனக்கென்னடி பைத்தியமா? தோல் வேகுதுன்னு தெரிஞ்சும்..."

"நல்லா எரிஞ்சது அக்கா." சின்னவளின் குரல் ஏறவில்லை. "தினமும் உங்க முன்னாடி வந்து நின்னு எரியுதுன்னு சொன்னேன். இன்னிக்குச் சொல்லிடுவாங்க, இன்னிக்குச் சொல்லிடுவாங்கன்னு பார்த்தேன். நீங்க என் விரலைப் பார்ப்பீங்க, அப்புறம் உங்க கையைப் பார்ப்பீங்க, எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு சொல்லுவீங்க. எத்தனை நாள்தான் பார்த்துக்கிட்டே இருப்பீங்கன்னு எனக்குத் தெரியணும்னு இருந்துச்சு."

பெரியவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சின்னவள் விடவில்லை.

"ஆட்டாதீங்க. சொட்டு வழியும்." ஒரே ஒரு சொட்டை மருவின் நடுவில் வைத்தாள். "நான் ஒண்ணும் நல்லவ இல்ல. இந்த வீட்டுல எங்க திரும்பினாலும் உங்க கை. சுவத்துல, அலமாரில, பஸ் போற வழில. என் புருஷன் நாள் பூரா உட்கார்ந்து பாக்கறது உங்க கையை. அந்த மேடம் என் கையைக் கேட்டப்ப எனக்குத் தலைகால் புரியல. அப்புறம் திரும்பி உங்க முகத்தைப் பார்த்தேன். அது வாடினதைப் பார்த்ததுல எனக்கு வந்த சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி."

பெரியவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இத்தனை நாளும் தான் ஒருத்திதான் இந்த வீட்டில் புழுங்கிச் சாகிறோம் என்று நினைத்திருந்தாளே! எதிர் அறையில் இன்னொருத்தி அவளுக்குக் குறையாமல் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"பாவி" என்றாள். "என்கிட்ட வந்து நாலு கேள்வி கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க ஒரு தாளைக் கொடுத்திருக்கலாம் இல்ல?"

மாடிப்படியில் இரண்டு ஜோடிக் கால்கள் தடதடவென்று ஏறி வந்தன. முன்னால் படக்காரர், முகமெல்லாம் வாய்.

"மேடம் போன் பண்ணினாங்க! ஒரு கை போதாதாம், ரெண்டு கை வேணுமாம். வயசுல மூத்த கை ஒண்ணு இளைய கைக்கு க்ரீம் தடவற மாதிரி. நாளைக்கு ரெண்டு பேர் கையையும் பாத்துட்டு..."

பேச்சு அங்கேயே நின்றது. மேஜைமேல் மருந்து, வாசலின், பஞ்சு. ஒருத்திக்குக் கட்டைவிரலில் மரு, இன்னொருத்திக்கு இரண்டு விரலில் கட்டு. அவர் ஒன்றையும் புரிந்துகொள்ளாமல், கைக்கு எட்டியதை எடுத்தார். எட்டாக மடித்த தாள்.

"இது என்ன?"

சின்னவள் தலை நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தாள். ஏழு நாளாகப் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை பெரியவள் தன் கையைப் பார்த்துக்கொள்ளவில்லை.

"மருந்தை எப்படிப் பூசணும்னு போட்டிருக்கிற தாள். இவளுக்குத் தெரியாம நான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அதனாலதான் இவ விரல் இப்படி வெந்துபோச்சு. மருவும் என்கிட்டேருந்துதான் இவளுக்கு வந்தது."

படக்காரர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பதினாலு வருஷமாக எத்தனையோ கோணத்தில் பார்த்த அந்தக் கையை, இப்போது எப்படிப் பார்ப்பதென்று தெரியாதவர் போல முழித்தார்.

லைட்டு அண்ணியைப் பார்க்கவில்லை. அண்ணன் கையிலிருந்து தாளை வாங்கிப் பிரித்தான், படித்தான், பிறகு மனைவியின் கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தான். மரு இருப்பது அவனுக்கு முன்பே தெரியும். புண்தான் தெரியாது.

"போன வாரம் உன்கிட்ட கேட்டேன்" என்றான் மெதுவாக. "மருந்து வாசனை இவ்வளவு அடிக்குதே, பாத்துத்தானே பூசறேன்னு. தாள்ல போட்டிருக்கிறபடிதான் பூசறேன்னு சொன்னே."

சின்னவள் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள்.

"தாள் அண்ணிகிட்ட இருந்திருக்கு. அப்போ நீ எந்தத் தாளைச் சொன்னே?"

பெரியவளின் கட்டைவிரலில் சொட்டு இன்னும் காயவில்லை. சின்னவள் மூடிய மூடியையே மறுபடி மறுபடி திருகிக்கொண்டிருந்தாள்.